ஆர்டருக்கு சர்ஃப்போர்டு செய்து பிழைக்க முடியுமா?

கேள்வி – 2 மார்ச் 2025

அண்ணா, புதுச்சேரி பக்கம் அலைச்சறுக்கு சொல்லித்தரும் ஒரு சர்ஃப் பள்ளியில் போர்டு ரிப்பேர் பார்க்கிறேன். உடைந்த மூக்கு, பெயர்ந்த ஃபின் பாக்ஸ் (அடியில் மீன் துடுப்பு மாதிரியான ஃபின்னை மாட்டும் குழி) எல்லாம் சரிசெய்வேன். சொந்தமாகச் சில போர்டுகள் செய்தும் பார்த்தேன், நண்பர்கள் ஓட்டுகிறார்கள். இனி ஆளைப் பார்த்து, அளவு கேட்டு, ஆர்டருக்குச் செய்து விற்கலாம் என்று ஆசை. தாய்லாந்திலிருந்து வருகிற போர்டு என்ன விலையோ அதே விலைக்குக் கொடுக்க முடியும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். கணினி மெஷினில் வெட்டினால் அது நம் கைவேலை ஆகுமா என்று இங்கே ஒரு சண்டையும் ஓடுகிறது. தொழிலில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

2 மார்ச், இரவு

முதலில் அந்தக் கணக்கைக் கிழித்துப் போடுங்கள் தம்பி.

தாய்லாந்தில் கோப்ரா மாதிரி தொழிற்சாலைகளில் ஒரு போர்டு பல கைகள் தாண்டி வெளியே வருகிறது. அச்சு இருக்கிறது, வரிசை வேலை இருக்கிறது, துணிமேல் ஊற்றி இறுகவைக்கும் ரெசின் என்ற பிசினை மொத்தமாக வாங்குகிறார்கள். நாம் கேனில் வாங்குகிறோம். அவர்கள் விலைக்கு நாம் விற்கலாம்தான், நம் நேரத்துக்குக் கூலியே போடாவிட்டால்.

ஒரு உதாரணம். பிளாங்க் (இழைக்காத ஃபோம் கட்டி), கண்ணாடித் துணி (கண்ணாடி இழையில் நெய்தது), ரெசின், ஃபின் பாக்ஸ், லீஷ் பிளக் (காலில் கட்டும் கயிறு மாட்டும் இடம்), உப்புத்தாள் எல்லாம் சேர்த்து 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 28,000-க்கு விற்றால் 8,000 நின்றது போலத் தெரியும். அதற்குள்தான் கொட்டகை வாடகை, கரண்ட், பக்கெட்டிலேயே இறுகி வீணாகும் ரெசின், தேய்ந்துபோகும் பிளேனர் பிளேடு எல்லாம் இருக்கின்றன. மிச்சத்தை வேலை நேரத்தால் வகுத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டில் பெயின்ட் அடிக்க வருகிறவர் உங்களைவிட அதிகம் சம்பாதிப்பார்.

ஃபோமை இழைப்பதைத்தான் எல்லோரும் வேலை என்று நினைக்கிறார்கள். கை பழகினால் அது மூன்று நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். அப்புறம் அடிப்பக்கம் துணி போட்டு ரெசின், திருப்பி டெக் என்ற மேல்பக்கம், அதற்கு மேல் தேய்ப்பதற்கான ஹாட் கோட் பூச்சு, ஃபின் பாக்ஸ் இறக்குவது, பிறகு தேய், தேய், தேய். கலிஃபோர்னியாவில் ஷேப்பர், அதாவது வடிவம் கொடுப்பவர், இழைத்த பிளாங்க்கைத் துணியும் ரெசினும் போடும் கிளாசிங் கடைக்கு அனுப்பிவிடலாம். அங்கே ரெசின் போடுபவர் ஒருவர், தேய்ப்பவர் இன்னொருவர், பாலிஷ் போடுபவர் வேறொருவர். நம் ஊரில் அப்படிக் கடை கிடையாது, அத்தனையும் நம் தலையில். விலை போடும்போது இந்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கூலி எழுதுங்கள். எல்லாம் நீங்களே என்றாலும் எழுதுங்கள்.

3 மார்ச்

நேற்று எழுதாமல் விட்ட முக்கியமான விஷயம். முதல் போர்டை உங்கள் மேல் உள்ள பிரியத்தில் வாங்குவார்கள், இல்லை ஆர்வத்தில் வாங்குவார்கள். அதே ஆள் திரும்பி வந்து இரண்டாவது போர்டு கேட்கிறாரா? அதுதான் தொழில். நான் இங்கே எழுதப் போவதெல்லாம் அந்த இரண்டாவது போர்டைப் பற்றித்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

9 மார்ச்

எங்கே கற்றுக்கொண்டேன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஃபைபர் படகுப் பட்டறையில். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரை முழுக்க ஃபைபர் படகு வேலைதான். மேட் என்ற நெய்யாத கண்ணாடி இழை விரிப்பும் ரோவிங் என்ற தடித்த இழைத் துணியும் போட்டு ரோலர் உருட்டிப் பழகிய கை இது. அதில் வந்தவர்களுக்கு ஒரு நன்மை உண்டு, ரெசின் எப்போது இறுகத் தொடங்குகிறது என்பது விரல் நுனியில் தெரியும். ஆனால் பழக்கம் சிலதை விட வேண்டும்.

படகுக்கு கனம் சேரச் சேர பலம். போர்டில் அரைக் கிலோ கூடினாலும் ஓட்டுகிறவருக்குக் காலில் தெரியும். அந்த மேட் விரிப்பைத் தொடாதீர்கள். நெய்த துணிதான், குட்டையான ஷார்ட்போர்டுக்கு 4 அவுன்ஸ் எடைத் துணி, அடியில் ஒரு சுற்று, டெக்கில் இரண்டு சுற்று. நீளமான லாங்போர்டுக்கு 6 அவுன்ஸ். ரெசினை ஸ்க்வீஜி என்ற வழிக்கும் தகட்டால் இழுத்து வெளியே தள்ள வேண்டும். துணியின் நெசவு தெரியும் அளவுக்கு வறண்டிருக்கலாம், ஆனால் வெள்ளைத் திட்டு தெரியக் கூடாது. வெள்ளையாகத் தெரியும் இடத்தில் ரெசின் போகவில்லை.

படகுக் கடையில் கிடைக்கும் சாதாரண ஜிபி ரெசினில், இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் கலந்தால் இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ நிறம் வந்துவிடும். படகின் உள்பக்கம் யார் பார்க்கப் போகிறார்கள்? வெள்ளை ஃபோமுக்கு மேல் அது பளிச்சென்று தெரியும், வெயிலில் இன்னும் மஞ்சளாகும். தெளிவான, வெயிலின் யூவி கதிர் தாங்கும், துணியில் ஊற்றும் லாமினேட்டிங் ரெசின் வாங்குங்கள், விலை கூடுதல்தான்.

அப்புறம் இது உயிர் விஷயம். கோபால்ட்டையும், ரெசினை இறுகச் செய்யும் கேட்டலிஸ்டையும் நேருக்கு நேர் கலக்காதீர்கள். ஒரே மூடியில் அளக்காதீர்கள், ஒரே தட்டில் பக்கத்தில் வைக்கவும் வேண்டாம். இரண்டும் நேராகச் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதலில் கோபால்ட்டை ரெசினில் முழுதாகக் கலக்கி முடித்து, அதன் பிறகுதான் கேட்டலிஸ்ட். ஒரு துளி கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி போடாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள்.

11 மார்ச்

துணி மாஸ்க் போதுமா என்றால் போதாது. ஃபோம் தூசிக்கும் கண்ணாடித் தூளுக்கும் வடிகட்டி வேறு, ரெசினிலிருந்து வரும் ஸ்டைரீன் வாசனைக்கு கார்ட்ரிட்ஜ் வேறு. வாசனை பழகிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூக்கு மரத்துப்போனதுதான் அது, நுரையீரலுக்குள் போவது போய்க்கொண்டுதான் இருக்கும். போர்டு விற்ற காசில் முதலில் வாங்க வேண்டிய பொருள் நல்ல மாஸ்க்.

23 மார்ச்

ஆர்டர் எடுப்பதைப் பற்றி.

சென்னை பக்கத்துக் கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் நன்றாக ஓட்டுகிற பிள்ளைகள் பலரும் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். பலர் முதலில் ஓட்டியது யாரோ விட்டுப்போன போர்டு. எண்பது கிலோ வெளிநாட்டுக்காரருக்காக, அவர் ஊர் அலைக்காகச் செய்தது. அதை நாற்பத்தைந்து கிலோ பையன் ஓட்டுகிறான். மிதக்கிறது, அலை பிடிக்கிறது, ஆனால் திருப்ப முடிவதில்லை. வால் பக்கம் போய் நின்று, முழு உடம்பையும் முறுக்கித் திருப்பப் பழகிக்கொள்கிறான். அந்தப் பழக்கம் பிறகு சரியான போர்டு கையில் கிடைத்தாலும் விடுவதில்லை. ஆளுக்கு ஏற்ற போர்டு என்பது பணக்காரர் ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். அது மிகவும் தேவைப்படுவது இந்தப் பிள்ளைகளுக்குத்தான்.

ஆர்டர் கொடுக்க வருகிறவரிடம் ‘என்ன போர்டு வேண்டும்’ என்று கேட்காதீர்கள். யூடியூபில் பார்த்ததைச் சொல்வார். ‘இப்போது ஓட்டுகிற போர்டில் எது எரிச்சலாக இருக்கிறது’ என்று கேளுங்கள். ‘அலை பிடிக்க லேட் ஆகிறது’, ‘இறங்கும்போது மூக்கு குத்துகிறது’, ‘திரும்பினால் வால் வழுக்குகிறது’. இந்த ஒவ்வொன்றுக்கும் ஃபோமில் ஒரு பதில் உண்டு. அப்புறம் எடை, வயது, வாரத்தில் எத்தனை நாள் தண்ணீரில் இறங்குகிறார், எந்தக் கரை. முடிந்தால் கூடவே கடலுக்குப் போய் ஒரு காலை அவர் ஓட்டுவதைப் பாருங்கள். ஃபாரத்தில் ‘நடுத்தரம்’ என்று எழுதியவர் தண்ணீரில் வேறு ஆளாக இருப்பார்.

நம் கிழக்குக் கரை அலை பெரும்பாலான நாட்களில் இடுப்பளவு, நெஞ்சளவு. தென்மேற்குப் பருவக்காலத்தில் தெற்கிலிருந்து வரும் அலை வரிசையாக இருக்கும், ஆனால் தள்ளு குறைவு. வாடைக்காற்றுக் காலத்தில் பெரிதாகவும் குழப்பமாகவும் வரும். ஹவாய் அலைக்கான ராக்கர், அதாவது போர்டின் நீளவாட்டு வளைவு, இங்கே தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நிற்கும். மூக்கின் தூக்கலைக் குறையுங்கள், நடுவில் சமமாக விடுங்கள், அகலத்தைக் கால் அங்குலமாவது கூட்டுங்கள்.

24 மார்ச்

‘போர்டின் கன அளவு எத்தனை லிட்டர் வேண்டும்’ என்று கேட்டவர்களுக்கு. 70 கிலோ எடையுள்ள போட்டி வீரர் 26 லிட்டர் பக்கம் ஓட்டுவார். அதே எடையில் வாரக் கடைசியில் மட்டும் கடலுக்கு வருகிறவருக்கு 34, 36 வேண்டும். ஆனால் லிட்டரைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். ஒரே 34 லிட்டரை நெஞ்சுக்குக் கீழே வைத்தால் கையால் துழாவிப் போவது சுலபம், ரெயில் என்ற பக்க ஓரத்தில் வைத்தால் போர்டைச் சாய்க்கவே முடியாது. எங்கே வைக்கிறோம் என்பதில்தான் நம் வேலை.

12 ஏப்ரல்

வெயில் ஏறிவிட்டது, ரெசின் பற்றி ஒரே கேள்விகள்.

வெளிநாட்டு வீடியோவில் சொல்லும் கேட்டலிஸ்ட் அளவை இங்கே போட்டால் பாதி போர்டு முடிவதற்குள் ரெசின் கட்டிவிடும். சித்திரை வெயிலில் ஒரு சதவீதம் பக்கம் நில்லுங்கள். முதலில் சின்னக் கிண்ணத்தில் கலக்கி, கடிகாரம் வைத்துப் பாருங்கள். அன்றைய வெப்பத்துக்கு எத்தனை நிமிடம் என்று பலகையில் எழுதிவிட்டுத்தான் போர்டைத் தொட வேண்டும். விடியற்காலை தொடங்கி, சூரியன் சுடுவதற்குள் முடித்துவிடுங்கள்.

ஹாட் கோட்டுக்கு மெழுகு கலந்த ரெசின்தான் வேண்டும். அந்த மெழுகு மேலே வந்து காற்றை மறைத்தால்தான் மேற்பரப்பு இறுகும், தேய்க்க வரும். லாமினேட்டிங் ரெசின் பிசுபிசு என்றே நிற்கும். கெட்டுப்போனதோ என்று பயப்பட வேண்டாம், அடுத்த பூச்சு பிடிக்க அந்தப் பிசுபிசுப்பு தேவை.

20 ஏப்ரல்

மேலே விடியற்காலை என்று எழுதியது பியூ, அதாவது பாலியூரித்தேன் ஃபோமுக்கு. தெர்மாகோல் பிளாங்க்கில், அதாவது ஈபிஎஸ்ஸில் செய்கிறவர்கள் அதைத் தலைகீழாக வைத்துக்கொள்ளுங்கள். ஈபிஎஸ் மணிகளுக்கு இடையே காற்று இருக்கிறது. வெப்பம் ஏற ஏற அந்தக் காற்று விரிந்து, அதன் மேல் போடும் எபாக்ஸி ரெசின் ஈரமாக இருக்கும்போதே அதைத் துளைத்துக்கொண்டு கொப்புளமாக வெளியே வரும். வெப்பம் இறங்குகிற நேரத்தில், மாலையில் போட்டால் ஃபோம் எபாக்ஸியை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆனால் மழைக்கால ஈரத்தில் சில எபாக்ஸி இறுகும்போது மேலே எண்ணெய்ப் பிசுக்கு போலப் படியும். சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிட்டுத்தான் அடுத்த பூச்சு.

தெர்மாகோலில், இதுவரை சொல்லிவந்த பாலியெஸ்டர் ரெசினை ஊற்றக் கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும், புதியவர்களுக்காகச் சொல்கிறேன். கண்முன்னால் கரைந்து ஓடிவிடும்.

வாடிக்கையாளருக்கும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். ஈசிஆரில் வெயிலில் நிறுத்திய காருக்குள் எபாக்ஸி போர்டை விட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனால், திரும்பி வரும்போது டெக் ஊதியிருக்கும். அப்புறம் ‘அண்ணா போர்டு சரியில்லை’ என்று உங்களிடம்தான் வருவார்.

4 மே

மெஷின் சண்டைக்கு வருகிறேன்.

கையால் இழைக்கத் தெரியாமல் மெஷினுக்குப் போகாதீர்கள். இழைக்கும் அறையில் சுவர் கருநீலமாகவோ கரும்பச்சையாகவோ இருக்கட்டும். இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்தில், பிளாங்க்கைவிடக் கொஞ்சம் மேலே நீள விளக்கு. மேல் விளக்கை அணைத்துவிட்டு அந்தப் பக்க வெளிச்சத்தில் பாருங்கள். கையில் தட்டுப்படாத மேடும் பள்ளமும் நிழலாக வந்து நிற்கும். பிளேனரை மூக்கிலிருந்து வால் வரை ஒரே நடையில் கொண்டுபோக வேண்டும், நடுவில் நின்றால் அங்கே பள்ளம். அந்தக் காலத்து ஸ்கில் 100 பிளேனரை இன்னும் ஆட்கள் தேடித் தேடி வாங்குவது, ஓட்டிக்கொண்டிருக்கும்போதே வெட்டும் ஆழத்தை மாற்றலாம் என்பதால். அது கிடைக்காது, கவலை வேண்டாம். நம் கடைகளில் கிடைக்கும் சாதாரணத் தச்சு பிளேனரே போதும், ஆழத்தைக் குறைவாக வைத்து நிதானமாகப் போனால்.

எங்கள் ஊரில் கட்டுமரம் செதுக்குகிற பெரியவர் ஒருவர் இருந்தார். வாச்சியால் நாலு வெட்டு, பிறகு அணியத்தின் பக்கம் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மரத்தின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். மரத்தைத் திருப்பச் சொல்வார். மறுபடி பார்ப்பார். இன்னும் ரெண்டு வெட்டு. அளவுகோலே கிடையாது. கட்டி முடித்ததும் மரங்களின் வளைவு எல்லாம் ஒன்றோடு ஒன்று சேர்ந்து போகும். பிளாங்க்கின் ராக்கரை நான் இன்றும் அப்படித்தான் பார்க்கிறேன், வால் பக்கம் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு. வளைவு எங்காவது உடைந்திருந்தால் கண் அங்கே இடறும்.

1 ஜூன்

மே மாதம் எழுதியதை மறுபடி யோசித்தேன். மெஷின் பற்றி அதில் பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

இரண்டாவது போர்டு கேட்டு ஒருவர் வந்தார். முதல் போர்டு ரொம்பப் பிடித்துவிட்டது, ‘அதே மாதிரி, ஆனால் பெரிய நாளுக்குக் கொஞ்சம் மெலிதாக’. கையால் இழைத்ததை அப்படியே திரும்பக் கொண்டுவருவதில்தான் கஷ்டம். வெளிக்கோடு டெம்ப்ளேட்டில் இருக்கிறது. ராக்கர்? ரெயிலின் உருண்டை? டெக்கின் வளைவு? அதெல்லாம் எழுதி வைத்திருந்தால்தான் உண்டு. நல்ல தையல்காரர் பழைய அளவு நோட்டைத் தூக்கிப் போடமாட்டார், அந்த மாதிரி ஒரு நோட்டு வேண்டும். ஒவ்வொரு போர்டுக்கும் மூக்கிலிருந்து 12 அங்குலத்தில், நடுவில், வாலிலிருந்து 12 அங்குலத்தில் அகலமும் கனமும். நேர்கோலை அடியில் வைத்து மூக்கிலும் வாலிலும் இடைவெளி எவ்வளவு என்பது. ஃபின் எங்கே, எவ்வளவு சாய்வு. ரெயிலை அட்டையில் வரைந்து வெட்டி, பெயர் எழுதி ஆணியில் மாட்டிவிடுங்கள். அந்தப் பக்கத்திலேயே கீழே இடம் விடுங்கள், ஓட்டியவர் ஒரு மாதம் கழித்துச் சொன்னதை எழுத. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு எவ்வளவு பேசும் என்பது அந்தக் கீழ்ப்பகுதியில்தான் புரியும்.

இங்கேதான் மெஷின் மேல் எனக்கு மரியாதை வருகிறது. ஃபிரான்சில் மிஷெல் பார்லான் போன்றவர்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே தொடங்கிவைத்த விஷயம் இது. போர்டுகேட் மாதிரி இலவச மென்பொருள் இருக்கிறது. அளவெல்லாம் கோப்பில் இருக்கும். ‘அதே, ஆனால் மெலிதாக’ என்றால் ஒரு எண்ணை மட்டும் மாற்றினால் போதும், மற்றதெல்லாம் அப்படியே நிற்கும். அப்போதுதான் எந்த மாற்றம் எந்த விளைவைத் தந்தது என்று சுத்தமாகத் தெரியும். கையால் செய்தால் மாற்ற நினைத்தது ஒன்று, கூடவே தெரியாமல் மாறியது நான்கு.

மெஷின் வெட்டித் தந்த பிளாங்க்கில் வரிவரியாகக் கோடு இருக்கும், நடுவில் ஓடும் ஸ்ட்ரிங்கர் மரம் துருத்திக்கொண்டு நிற்கும். அதைச் சின்ன இழைப்புளியால் இறக்கி, ரெயிலை முடித்து, அடியைச் சரிபார்ப்பது கைதான். அதனால் அது கைவேலையா என்று கேட்டால் ஆமாம் என்பேன். எந்த எண் போட வேண்டும் என்று தெரிந்தவருடைய கைவேலை.

நம் பக்கம் ஃபர்னிச்சர் பட்டறைகளில் சிஎன்சி என்ற கணினி வெட்டு மெஷின் இருக்கிறது. ஃபோம் வெட்டுவார்களா என்று கேட்டுப் பாருங்கள். நீளம் போதாவிட்டால் கதை முடிந்தது.

15 ஜூன்

‘ஒரு பிரபலமான போர்டைக் கொண்டுவந்து இதே மாதிரி செய்து கொடு என்கிறார்கள், செய்யலாமா?’

வடிவம் ஒருவருடையது மட்டுமல்ல. ஆஸ்திரேலியாவின் சைமன் ஆண்டர்சன் மூன்று ஃபின் வைத்த போர்டுடன் 1981-இல் பெல்ஸ் பீச்சில் ஜெயித்தார். அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. இன்று நம் கொட்டகையில் நாம் இழைக்கிற பெரும்பாலான ஷார்ட்போர்டுகளில் அவருடைய யோசனைதான் இருக்கிறது. வடிவங்கள் இப்படிக் கை மாறித்தான் வந்திருக்கின்றன. ஆனால் அடுத்தவர் லோகோவை ஒட்டுவது திருட்டு, அதைக் கேட்கிற வாடிக்கையாளரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அப்படியே நகல் எடுப்பதில் எனக்குள்ள தயக்கம் வேறு. அந்தப் போர்டு யாருக்காகவோ, எந்த அலைக்காகவோ செய்தது. ‘இதில் உங்களுக்கு என்ன பிடிக்கிறது’ என்று கேட்டு அதை மட்டும் எடுங்கள். வால் பிடித்திருந்தால் வாலை எடுங்கள், ராக்கரை நம் கரைக்கு மாற்றுங்கள். இந்தப் பேச்சில் அரை மணி நேரம் போகும். போகட்டும்.

6 ஜூலை

பிளாங்க் தட்டுப்பாடு என்று இருவர் புலம்பியிருக்கிறார்கள். தொழிலில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

2005 டிசம்பர் 5, திங்கட்கிழமை. கலிஃபோர்னியாவில் கிளார்க் ஃபோம் என்ற நிறுவனம், அமெரிக்காவின் பிளாங்க்குகளில் மிகப் பெரும்பகுதியைச் செய்துவந்தது. உரிமையாளர் கோர்டன் கிளார்க் ஒரு கடிதம் அனுப்பிவிட்டு அன்றோடு மூடிவிட்டார். ஃபோம் செய்யப் பயன்படும் டிடிஐ என்ற நச்சு ரசாயனம், அதன் மேல் அரசுக் கட்டுப்பாடுகள், வழக்குப் பயம் என்று காரணம் எழுதியிருந்தார். அச்சுகளையும் விற்காமல் அழித்தார். ஒரே இடத்திலிருந்து வாங்கிப் பழகிய ஷேப்பர்கள் மறுநாள் காலை கையில் ஆர்டரோடும் வெறும் அறையோடும் நின்றார்கள். பிளாங்க் விலை ஏறியது. அதன் பிறகுதான் அமெரிக்காவில் புதிய ஃபோம் கடைகள் முளைத்தன, ஈபிஎஸ்–எபாக்ஸி பக்கமும் பலர் போனார்கள்.

நமக்கு இங்கே எப்போதும் அந்தத் திங்கட்கிழமைதான். பிளாங்க் கப்பலில் வர வேண்டும். எடை ஒன்றுமில்லை, இடம் அடைக்கும், அதனால் சரக்குக் கட்டணம் ஃபோமின் விலையோடு போட்டி போடும். ஒருமுறை எனக்கு வந்த பெட்டியில் பாதி பிளாங்க்குகளின் மூக்கு நசுங்கியிருந்தது, கொண்டுவந்தவர்கள் பொறுப்பேற்கவில்லை. ரெண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்குங்கள். நீளமான பிளாங்க்காக வாங்கினால் வெட்டிச் சுருக்கலாம், குட்டையை இழுத்து நீட்ட முடியாது. சூடேற்றிய கம்பியால் ஈபிஎஸ் கட்டியை வெட்டி, நடுவில் மரம் ஒட்டி, நம் ஊரிலேயே பிளாங்க் செய்யும் வழியைக் கண்டிப்பாகப் பழகிக்கொள்ளுங்கள். அடர்த்தி கூடிய ஈபிஎஸ் கேட்டு வாங்க வேண்டும், டிவி பெட்டிக்குள் வருகிற தெர்மாகோல் அல்ல.

20 ஜூலை

பணம்.

பாதி முன்பணம் வாங்காமல் பிளாங்க்கைத் தொடாதீர்கள். நண்பராக இருந்தாலும். அந்தப் பாதியில் பொருள் செலவு முழுதும் அடங்கிவிட வேண்டும்.

ஒரு விடுதி மொத்தமாகக் கற்றுக்கொள்வோர் போர்டுகள் கேட்டது. எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம், பில்லுக்கு மூன்று மாதத் தவணை என்றார்கள். போர்டு போய்ச் சேர்ந்தது, பணம் இழுத்துக்கொண்டே போனது. அந்த நாட்களில் கடையை ஓட்டியது டிங் ரிப்பேர், அதாவது அடிபட்ட போர்டைச் சரிசெய்வதுதான். அதனால் ரிப்பேரை விட்டுவிட்டு முழுநேர ஷேப்பர் ஆகிறேன் என்று சொல்லாதீர்கள். ரிப்பேர் தினமும் கைக்குக் காசு தரும். அதைவிட, எந்த போர்டு எங்கே உடைகிறது என்று உங்களுக்குச் சொல்லித் தருவது அதுதான். மேல்தளத்தில் குதிகால் படும் இடத்தில் குழி விழுந்து வருகிறதா? அடுத்த போர்டில் அங்கே ஒரு துண்டுத் துணி கூடுதலாகப் போடுங்கள். ஃபின் பாக்ஸ் ஓரத்தில் விரிசலா? நம் பாறைக் கரையில் அது வந்துகொண்டேதான் இருக்கும்.

உப்புத் தண்ணீர் குடித்த போர்டை ஒட்ட அவசரப்படாதீர்கள். துளையை நல்ல தண்ணீரில் கழுவி, வாயைக் கீழே வைத்து நிழலில் காயவிடுங்கள். நாட்கணக்கில் ஆகும். உள்ளே ஈரத்தோடு மூடினால் மேலே எத்தனை சுற்றுத் துணி போட்டாலும் பெயர்ந்துவிடும். ‘நாளைக்கே வேண்டும்’ என்பவரிடம் உங்கள் பழைய போர்டு ஒன்றை இரவல் கொடுங்கள். அப்படி இரவல் வாங்கிப் போனவர்களில் சிலர்தான் பிறகு எனக்கு ஆர்டர் கொடுத்தார்கள்.

16 ஆகஸ்ட்

மாமல்லபுரத்தில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் முடிந்தது. இந்தியாவுக்குத் தனிநபர் வெண்கலம்! கரையில் நின்று கத்தித் தொண்டை கட்டிவிட்டது. போர்டு வேலை செய்கிற எல்லோருக்கும் இது நம் வீட்டு விசேஷம் மாதிரி.

வெளிநாட்டு வீரர்கள் பை பையாக போர்டு கொண்டுவந்திருந்தார்கள். ஒரே அளவில் இரண்டு மூன்று, பார்த்தால் வித்தியாசமே தெரியாது. வாலில் ஒரு நூல் அகலம், மூக்கில் கொஞ்சம் தூக்கல், அவ்வளவுதான். அன்றைய அலையைப் பார்த்துவிட்டு எடுக்கிறார்கள். நான் ஜூனில் எழுதிய நோட்டுப் புத்தகம் அங்கே ஒவ்வொரு பையிலும் போர்டாகவே இருந்தது.

ஒரு எச்சரிக்கை. அடுத்த மாதம் எல்லோரும் அந்த வீரர்களின் மெலிந்த போர்டைக் கேட்டு வருவார்கள். அது தினமும் கடலில் இருக்கும் இருபது வயதுக்காரருக்கு. வாரக் கடைசிக்காரருக்கு அதைச் செய்துகொடுத்தால் காசு வரும், ஆள் திரும்பி வரமாட்டார். ‘உங்களுக்கு இது வேண்டாம்’ என்று முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள்.

7 செப்டம்பர்

கேள்வி கேட்ட தம்பி தன் முதல் ஆர்டர் போர்டைக் கொடுத்துவிட்டாராம். படம் பார்த்தேன், வால் அழகாக வந்திருக்கிறது. ஓட்டியவர் ‘திரும்பும்போது ஓரம் தண்ணீரில் மாட்டிக்கொள்கிறது’ என்கிறாராம்.

படத்தை வைத்துச் சொல்கிறேன். அடியின் கூர்மையான விளிம்பை முன்பக்கம் ரொம்ப தூரம் கொண்டுபோயிருக்கிறீர்கள். அந்தக் கூர்மை ஃபின் பக்கம் மட்டும் வேண்டும், வாலிலிருந்து ஒன்று ஒன்றரை அடி போதும். அதற்கு முன்னால் விளிம்பு உள்ளே மடிந்து உருண்டுவிட வேண்டும். கட்டைவிரலை ரெயிலின் அடியில் வைத்து வாலிலிருந்து மூக்கு நோக்கி இழுத்துப் பாருங்கள், எங்கே கூர்மை விரலை விடவில்லையோ அங்கே பென்சிலால் குறியுங்கள்.

போர்டைத் திரும்ப வாங்குங்கள். 220 உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றாமல் வெறும் கையில் பிடித்து, ஹாட் கோட்டை மட்டும் மெதுவாக உருட்டுங்கள். துணியின் நெசவு தெரியத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் போனால் துணி அறுபடும். அது போதாவிட்டால் மெல்லிய ரெசின் கோடு விட்டு உருண்டையாக்கித் தேய்க்கலாம். இதற்கு அவரிடம் காசு வாங்காதீர்கள். செய்ததை நோட்டில் அவர் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு வாரம் ஓட்டிவிட்டு என்ன சொன்னார் என்பதை இங்கே போடுங்கள், ஃபின் இடத்தையும் பார்க்க வேண்டியிருக்கும். வாலின் நுனியிலிருந்து பின் ஃபின் எத்தனை அங்குலத்தில் இருக்கிறது என்று அளந்து அனுப்புங்கள்.